அவியல்: வினைவழிப் பெயரும் உணவகப் பதார்த்தமும்

தமிழ்ச் சமையற் சொற்களுள் பல செய்முறையால் பெயர் பெற்றவை. பொரிப்பது பொரியல், வறுப்பது வறுவல், மசிப்பது மசியல், துவைப்பது துவையல். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே அவியல். சிறிதளவு நீர் தெளித்து, மூடி, காய்களை ஆவியில் வேகவிடும் தொழிலை இப்பெயர் சுட்டுகின்றது. நெல் அவித்தல், கிழங்கு அவித்தல், இட்டிலி அவித்தல் என்னும் வழக்குகள் இன்றும் உள்ளன. பலவற்றைக் கலத்தல் என்ற பொருள் இவ்வினைக்கு இல்லை. அதற்குக் கூட்டு என்ற சொல் அடுக்களையிலேயே தனியாக இருக்கின்றது.

ஆயினும் இன்று அவியல் என்றவுடன் கதம்பம் என்ற பொருளே முன்னிற்கின்றது. குறும்படங்கள் சிலவற்றைத் தொகுத்து 2016இல் வெளியான தமிழ்த் திரைப்படத்துக்கு அவியல் என்றே பெயர். துணுக்குகளைத் திரட்டித் தரும் இதழ்ப் பக்கங்களுக்கும் இப்பெயர் இயல்பாகப் பொருந்திவிடுகின்றது. சொல் இவ்வாறு விரிவதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விரிந்த பொருள் மீண்டும் அடுப்பங்கரைக்கு வந்து, அதுவே செய்முறையாகிவிட்டது என்பதுதான் நோக்கத்தக்கது. உணவகங்கள் இன்று சமைப்பது அவித்த பண்டத்தை அன்று. அச்சொல்லின் உருவகப் பொருளையே அவை சமைக்கின்றன.

அவியல் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் வேரூன்றிய உணவு. கேரளத்து ஓண விருந்திலும் நாஞ்சில்நாட்டுத் திருமணப் பந்தியிலும் அதற்குத் தவறாத இடம் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை மாறியது, இலை மாறவில்லை. வாழைக்காய், சேனை, முருங்கைக்காய், தடியங்காய், வெள்ளரிக்காய், புடலங்காய், நீளப்பயறு, வழுதலங்காய் முதலியன விரல் நீளத்துக்கு வெட்டப்படும். வேக நேரமாகும் சேனையும் வாழைக்காயும் முதலில் ஏறும்; நீர்க்காய்கள் பின்னர். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துச் சேர்ப்பர். புளிப்புக்குத் தெற்கே பெரும்பாலும் மாங்காய் அல்லது புளி; பாலக்காட்டு அந்தணர் வழக்கில் தயிர். இறக்கும் தறுவாயில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் சேரும். மரபில் இதற்குத் தாளிப்பு இல்லை. விலக்கும் இங்கு விதியே. வழுவழுப்பால் வெண்டைக்காயும், சாயத்தால் பீட்ரூட்டும் உள்ளே வருவதில்லை.

விராடன் மடைப்பள்ளியில் வீமன் அகப்பட்ட காய்களையெல்லாம் இட்டுச் சமைத்தான் என்றும், திருவிதாங்கூர் அரண்மனை விருந்தொன்றில் மிஞ்சிய காய்த்துண்டுகளைக் கொண்டு சமையற்காரர் ஒருவர் சமாளித்தார் என்றும் கதைகள் வழங்குகின்றன. மிஞ்சியதெல்லாம் அவியல் என்னும் எண்ணத்துக்கு இவை வலுவூட்டுவது உண்மை. எனினும் இரு கதைகளிலும் வியக்கப்படுவது பற்றாக்குறையன்று. அதை உணவாக்கிய கைத்திறன்.

பெருநகர உணவகங்களில் அவியல் பெறும் மாற்றங்களுக்குக் காரணங்கள் எளியவை. தேங்காயரைப்பும் தயிரும் விரைவில் கெடும். மீண்டும் சூடாக்கினால் திரியும். எனவே சோளமாவும் முந்திரி விழுதும் இடம்பெறுகின்றன. தேங்காயெண்ணெயின் மணம் பழகாதவர்க்கு ஒவ்வாது என்று கருதிச் சுத்திகரித்த எண்ணெய் ஊற்றிக் கடுகு தாளிக்கின்றனர். சேனையின் இடத்தை உருளைக்கிழங்கும், நீர்க்காய்களின் இடத்தைக் காரட், பட்டாணி, காலிஃபிளவர் ஆகியவையும் பெறுகின்றன. முருங்கைக்காய் நீங்கியதற்குக் காரணம் இன்னும் நுட்பமானது. கரண்டியால் உண்பவர்க்குச் சக்கையை மென்று இலையோரம் ஒதுக்க இடமில்லை. கையால் உண்ணும் முறை போனதும் அம்முறைக்குரிய காயும் போயிற்று.

தமிழகத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் நிகழ்ந்தது வேறொரு மாற்றம். அங்கு அவியல் அடைக்குத் துணையாயிற்று. சோற்றோடு பரிமாறப்படும் அவியல் இலையில் ஓடாமல் நிற்க வேண்டும். காய்மேல் அரைப்பு ஒட்டியிருக்க வேண்டும். அடைக்கோ தொட்டுக்கொள்ளக் குழம்பு வேண்டும். ஆகவே அது தளர்ந்து, வெளுத்த குருமாவாகக் கிண்ணத்தில் வருகின்றது. அடையும் அவியலும் நல்ல இணை என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த இணைப்புக்காகவே உருவான பதார்த்தத்தை மூலமென்று அடுத்த தலைமுறை கொள்வதுதான் இடர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். காரட்டும் பீன்ஸும் நாகர்கோவில், திருவனந்தபுரம் வீடுகளின் அவியலிலும் இன்று உள்ளனவே எனலாம். உண்மையே. தூய்மை பேசுவோர் இதை மறைத்துவிடுகின்றனர். ஆனால் வீட்டில் காரட் அவியலின் ஒழுங்குக்கு உட்பட்டு நீளவாக்கில் நறுக்கப்பட்டு, உரிய நேரத்தில் பாத்திரத்தில் ஏறுகின்றது. உணவகத்தில் அந்த ஒழுங்கே காரட்டுக்காகக் கைவிடப்படுகின்றது. முன்னது ஏற்பு, பின்னது இழப்பு.

தமிழாய்வுக்கு இவ்விழப்பில் நேரடித் தொடர்பு உண்டு. காய் நீங்கும்போது அதன் வட்டாரப் பெயரும் உடன் நீங்குகின்றது. வெண்பூசணிக்குத் தடியங்காய் என்பது நாஞ்சில்நாட்டு வழக்கு. கத்தரிக்காயைக் குறிக்கும் வழுதலங்காய், ஔவையார் தனிப்பாடலில் வரும் வழுதுணங்காயின் திரிபு; மலையாளம் அதனை இன்றும் அன்றாடச் சொல்லாகக் காத்து வருகின்றது. நாஞ்சில்நாடன் எழுத்துகளில் உணவு வெறும் பின்னணியன்று. 'இடலாக்குடி ராசா' சிறுகதையில் பந்தி, மனிதன் மதிக்கப்படுவதும் இழிவுறுவதும் புலப்படும் களமாகின்றது. உணவகத்துக் கிண்ணத்தில் மட்டுமே அவியலை அறிந்த வாசகன், இத்தகைய எழுத்துகளில் வரும் விருந்துகளைப் பெயர்ப் பட்டியலாகவே கடந்து செல்வான். அடிக்குறிப்பு சொல்லின் பொருளைத் தரும். அதன் மணத்தைத் தராது.

திருமணத்துக்கு முன்னாள் இரவு ஆக்குப்புரையில் உற்றாரும் அயலாரும் அமர்ந்து காய்வெட்டும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. அவியலுக்கு இவ்வளவு நீளம், சாம்பாருக்கு இவ்வளவு பருமன் எனத் தவசுப்பிள்ளை ஒரு துண்டை வெட்டிக் காட்டுவார். மற்றவர் அதைப் பார்த்து வெட்டுவர். விருந்து ஒப்பந்தக்காரர்களிடம் பொறுப்பு சென்றபின் அந்த மாதிரித் துண்டுக்கு வேலையில்லாமற் போயிற்று. இயந்திரம் எல்லாக் காயையும் ஒரே கட்டமாக வெட்டித் தருகின்றது. முருங்கைக்காய் அதில் சிக்குவதில்லை.