இணங்குதலும் இசைவும்: தேயிலைத் தோட்டச் சூழலில் ‘சம்மதம்’ – சட்டமும் இலக்கியமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘இணங்குதல்’ என்னும் சொல் மனமொப்பி உடன்படுவதையும் வேறு வழியின்றிப் பணிவதையும் ஒருங்கே சுட்டுகிறது. பாலியல் குற்றங்கள் குறித்த இந்தியச் சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு தேயிலைத் தோட்ட வாழ்வையும் அதனைப் பேசும் ‘எரியும் பனிக்காடு’ நாவலையும் அணுகும்போது, திறனாய்வு தனது சொற்களைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவை புலனாவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது தமிழ்ச் சமூகத்தில் பெரிதும் வழங்கும் கூற்று. பெண் பார்க்கும் நிகழ்வில் தலைகுனிந்து நிற்பவளின் மௌனத்திற்கு ஊரார் தரும் பொருள் இது. இதே பொருள்கோள் வழக்கு மன்றத்திற்குள் நுழையும்போது விளைவு கொடியதாகிறது. 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் பழங்குடித் தொழிலாளியான ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை, ‘மதுரா வழக்கு’ எனப் பரவலாக அறியப்படுகிறது. அவ்வழக்கில் உயர் நீதிமன்றம், செயலற்றுப் பணிவது இசைவு ஆகாது எனக் கொண்டது. உச்ச நீதிமன்றமோ 1978 செப்டம்பரில், உடலில் காயங்கள் இல்லாமையைச் சுட்டியும், சட்டம் கூறும் அச்சம் உயிருக்கோ உடலுக்கோ நேரும் தீங்கு பற்றியதாக இருத்தல் வேண்டும் எனக் கூறியும் காவலர் இருவரையும் விடுவித்தது. உபேந்திர பக்ஷி உள்ளிட்ட சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடலும், அதனைத் தொடர்ந்த பெண்கள் இயக்கமும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்கு வழிவகுத்தன.

சட்டத்தில் இசைவு

வன்புணர்ச்சிக் குற்றத்தின் கூறுகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு அதனிடத்தில் உள்ளது. ‘விருப்பத்திற்கு மாறாக’ என்பதும் ‘இசைவின்றி’ என்பதும் அதில் தனித்தனிக் கூறுகள். பதினெட்டு வயது நிரம்பாதவர் தரும் இசைவு இசைவாகக் கருதப்படுவதில்லை. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இசைவுக்கு முதன்முறையாக நேர் விளக்கம் தந்தது: ஐயத்திற்கு இடமின்றித் தன்விருப்பாகத் தரும் உடன்பாடே இசைவு; அது சொல்லாலோ சைகையாலோ பிற வகையாலோ புலப்படுத்தப்பட வேண்டும்; உடலால் எதிர்க்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் ஒருவர் இசைந்ததாகக் கொள்ளக் கூடாது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் பொதுக்கூற்றைச் சட்டம் இங்கே மறுதலிக்கிறது.

ஆயினும் 63ஆம் பிரிவின் மூன்றாம் கூறு இன்றும் உயிர், உடல் சார்ந்த அச்சத்தையே பேசுகிறது. கூலியும் குடியிருப்பும் பறிபோகும் என்னும் அச்சம் அதில் இடம்பெறவில்லை. அதற்கான வாயில் 28ஆம் பிரிவில் (பழைய 90) உள்ளது. தீங்கு நேரும் என்னும் அச்சத்தில் தரப்பட்டதும், அவ்வாறு தரப்பட்டது என்பதை எதிராளி அறிந்தோ, அறியக் காரணம் கொண்டோ இருந்ததுமான இசைவு, இசைவாகாது. ‘தீங்கு’ என்பதற்கு உடல், மனம், நற்பெயர், உடைமை ஆகியவற்றிற்குச் சட்டப்புறம்பாக விளைவிக்கப்படும் எந்தக் கேடும் எனச் சட்டமே பொருள் தருகிறது. தோட்டத் தொழிலாளியின் நிலையை விளங்கிக்கொள்ள இச்சொல் விளக்கம் இன்றியமையாதது.

தோட்டமும் ஆதிக்கமும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளின் பெருந்தோட்டங்களில் வேலையும் வீடும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்து வந்துள்ளன. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுவசதியை முதலாளியின் கடமையாக்கியது. தொழிலாளிக்கு நலம் பயத்த அதே ஏற்பாடு, வேலை போனால் லைன் வீடும் போகும் என்னும் நிலைக்கும் இடமளித்தது. கொழுந்தின் எடையைக் குறிப்பதும், அன்றைய வேலைக்குப் பெயரைப் பதிவதும், எந்த மலைச்சரிவுக்கு யார் செல்வது என முடிவு செய்வதும் மேற்பார்வையாளரே. இத்தகைய உறவில் கத்தி காட்ட வேண்டியதில்லை, பதிவேடே போதுமானது.

2013ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஓரளவு உணர்ந்தது. பெண்ணின்மீது கட்டுப்பாடோ ஆதிக்கமோ செலுத்தும் நிலையில் இருப்பவர் இழைக்கும் வன்புணர்ச்சியைக் கடுங்குற்றமாக்கியது (இன்று 64(2)(ஜே)). அத்தகைய வழக்கில் புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை எனப் பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். எதிரி அதனை மறுத்து நிறுவலாம். வன்புணர்ச்சி என்னும் வரையறைக்குள் வராத நிலையிலும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் அல்லது தன் வளாகத்தில் உள்ள பெண்ணைப் புணர்ச்சிக்குத் தூண்டுவது 68ஆம் பிரிவின்படி குற்றமே.

நீலகிரியின் சிறு தேயிலைத் தோட்டங்களில் நிலை வேறு. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் இடத்தில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான உட்குழு இராது. புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிற்கே செல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் கூலி இழப்பின்றி அக்குழுவை அணுகுவது எளிதன்று.

நாவல் காட்டும் உண்மை

பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார் (2007). அதன் களம் ஆனைமலை, நீலகிரி அன்று. எனினும் மேஸ்திரி, முன்பணம், லைன் வீடு என்னும் அமைப்பு இரு மலைகளுக்கும் பொது. முன்பணம் பெற்றவர் வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரியதாக்கிய 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் தோட்ட முதலாளிகளுக்குத் துணைநின்ற காலம் ஒன்று இருந்தது. கருப்பனும் வள்ளியும் மலையேறிய பின் கடன் தீராமல் சிக்குண்டு கிடப்பதையும், பெண்கள்மீது துரைமாரும் மேஸ்திரிமாரும் நிகழ்த்தும் அத்துமீறல்களையும் டேனியல் ஒரே அமைப்பின் இரு முகங்களாகக் காட்டுகிறார். தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றியவரின் நேரறிவு இதற்குப் பின்புலம். ஆதிக்க நிலை என்னும் கருத்து சட்டத்தில் எழுதப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே புனைவு அதனைக் கண்டுகொண்டது எனலாம்.

இத்தகைய புனைவுகளைத் திறனாய்வாளர் ‘துரைக்கு இணங்கினாள்’, ‘ஆசைக்கு இரையானாள்’, ‘கற்பிழந்தாள்’ எனச் சுருக்கி உரைப்பின், நாவல் விரித்த அதிகார உறவு மறைகிறது. முதற்சொல் பணிவை உடன்பாடாக்குகிறது; இரண்டாவது அவளைச் செயலற்ற பொருளாக்குகிறது; மூன்றாவது குற்றத்தைச் செய்தவனிடமிருந்து எடுத்து அவள் ஒழுக்கத்தின்மீது ஏற்றுகிறது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. தோட்டத்தில் அரும்பும் உறவு அனைத்தையும் வற்புறுத்தல் எனக் கொண்டால், தொழிலாளிப் பெண்ணுக்கு விரும்பும் உரிமையே இல்லையென்றாகும். சட்டத்தின் அனுமானம் இவ்விடத்தில் நுட்பமானது. அது பெண்ணின் மௌனத்திலிருந்தோ ஆணின் பதவியிலிருந்தோ மட்டும் தொடங்குவதில்லை. இசையவில்லை என்னும் அவளது வாக்கிலிருந்து தொடங்குகிறது.

முடிவுரை

1992இல் வாச்சாத்தியில் அரசுப் பணியாளர் நிகழ்த்திய வன்கொடுமையில் வன்முறை வெளிப்படையானது. இசைவு என்னும் வினாவிற்கே அங்கு இடமில்லை. அவ்வழக்கிலும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கு 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. வன்முறை கண்ணுக்குத் தெரியாத தோட்டத்தில் நீதி மேலும் தொலைவானது. அங்கே இசைவை ஒரு கணத்தின் நிகழ்வாக அன்றி, வீடு, கூலி, பதிவேடு ஆகியவற்றோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். தோட்ட இலக்கியத்தை ஆய்வோர் ‘இணங்கினாள்’ என எழுதுமுன், அவள் மறுத்திருந்தால் மறுநாள் அவள் பெயர் பதிவேட்டில் இருந்திருக்குமா என்னும் வினாவை எழுப்புதல் தகும்.