நாற்பது பேரும் நாற்பத்தைந்து சதவீதமும்

பெரியவர்களுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கேபிடா ஆய்வு வந்துவிடும். நெதர்லாந்தில் 2008ல் தொடங்கி, 2015 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 84,496 பேர். பாதிப் பேருக்கு 13 வகை நிமோகாக்கஸுக்கு எதிரான பிசிவி13, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. கிட்டத்தட்ட நாலு வருஷம் கண்காணிப்பு. முதியவர்களிடம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு ஒழுங்காக நடந்த தடுப்பூசி ஆய்வுகள் குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி சொல்லப்போவது பெரும்பாலும் குறைதான் என்பதால்.

கேபிடாவைப் படித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி "நிமோனியாவை 45 சதவீதம் தடுக்கிறது" என்கிறது. இன்னொன்று "வெறும் 5 சதவீதம், அதுவும் நிரூபணம் ஆகவில்லை" என்கிறது. இரண்டு எண்ணும் அதே கட்டுரையில்தான் இருக்கின்றன. சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளை எண்ணினால் விஷயம் புரிந்துவிடும்.

ஊசியில் உள்ள 13 வகைகளால் நிமோனியா வந்தவர்கள், ஊசி போட்ட குழுவில் 49 பேர், வெற்று ஊசிக் குழுவில் 90 பேர். அங்கிருந்து வருவதுதான் 45.6 சதவீதம். ஆனால் இது ஆய்வு விதிகளுக்கு முழுசாக உட்பட்டவர்களை மட்டும் எடுத்த கணக்கு. விதிகளைத் தளர்த்தி மற்றவர்களையும் சேர்த்தால் 66, 106. சதவீதம் 37.7 ஆக இறங்குகிறது. விளம்பரத் தாள்களில் இந்த 37.7ஐ நான் பார்த்ததே இல்லை.

இப்போது, எந்தக் கிருமியானாலும் சரி, மொத்தத்தில் நிமோனியா வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஊசிக் குழுவில் 747, மற்றதில் 787. வித்தியாசம் 40. மேலே 66க்கும் 106க்கும் உள்ள வித்தியாசமும் அதே 40தான். அந்த நாற்பதை 106ஆல் வகுத்தால் 37.7, 787ஆல் வகுத்தால் 5.1. சண்டை முழுக்க வகுக்கும் எண்ணைப் பற்றியது. (787 என்ற கூட்டத்தில் 40 என்பது தற்செயலாகவும் வரலாம். அதனால்தான் 5 சதவீதம் புள்ளியியல்படி நிற்கவில்லை.) வேறு மாதிரி சொன்னால், சுமார் 1,050 பேருக்கு ஊசி போட்டால் நாலு வருஷத்தில் ஒருவருக்கு நிமோனியா தவிர்க்கப்பட்டது. இறந்தவர்கள் இரு குழுவிலும் சுமார் 7.1 சதவீதம், வித்தியாசமே இல்லை.

கட்டுரை எழுதியவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பது மேற்கோள் காட்டுகிறவர்கள். "13 வகைகளால் வரும் நிமோனியாவை" என்ற சொற்கள் உதிர்ந்துபோய் "நிமோனியாவை" மட்டும் மிஞ்சுகிறது. கேட்கிறவருக்கு வைரஸ் நிமோனியா, வேறு பாக்டீரியா நிமோனியா எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் எதிர்க் கட்சியோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ரத்தம்வரை பரவும் தீவிர நிமோகாக்கல் நோய், அந்த 13 வகைகளால் வந்தது, 28 பேருக்குப் பதில் 7 பேருக்குத்தான் வந்தது. எண்கள் சின்னவைதான். ஆனாலும் முதியவரைக் கொல்லக்கூடிய நோய் நாலில் ஒரு பங்காகக் குறைந்ததை "ஒன்றுமில்லை" என்று தள்ளுவது விமர்சனம் ஆகாது.

என் உண்மையான குறை வேறு இடத்தில். யாரைச் சேர்த்தார்கள்? நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களும், முதியோர் இல்லங்களில் இருந்தவர்களும் ஆரம்பத்திலேயே விலக்கப்பட்டார்கள். ஊசி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைப் பற்றி இந்த ஆய்வு நேராக எதுவும் சொல்லாது. அதே தரவை வைத்துப் பின்னர் செய்த அலசலில், 65 வயதில் 65 சதவீதமாக இருந்த பலன் 75 வயதில் 40 ஆகக் குறைந்தது. அடுத்தது சோதனை. சிறுநீரில் இந்த 13 வகைகளையும் பிரித்துக் காட்டும் சோதனையை உருவாக்கியது ஃபைசர், ஊசியும் ஃபைசருடையது, ஆய்வுக்குப் பணமும் அவர்களுடையது. மோசடி என்று சொல்லவில்லை. அந்தச் சோதனை இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. ஆனால் எதை எண்ணுவது என்று தீர்மானிக்கும் அளவுகோல் ஊசிக்கு அளவெடுத்துத் தைத்தது என்பதை மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தடுப்பூசி ஆலோசனைக் குழு 2014ல் 65 தாண்டிய எல்லோருக்கும் பிசிவி13 என்றது. 2019ல் அதை விலக்கி, மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்யட்டும் என்றது. ஊசி கெட்டுப்போகவில்லை. குழந்தைகளுக்குப் போட்ட ஊசியால் அந்த வகைகள் ஊரிலேயே குறைந்துவிட்டன. தாத்தா பாட்டிக்குத் தொற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பேரப்பிள்ளையின் மூக்கிலிருந்துதான். (இந்தியாவில் குழந்தைகளுக்கான இந்த ஊசி 2017ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021ல்தான் நாடு முழுக்க விரிந்தது.) ஆக, 45.6 என்பது ஊசியின் நிரந்தர குணம் மாதிரி பேசப்பட்டாலும், எத்தனை பேர் தப்புவார்கள் என்பது ஊரையும் வருஷத்தையும் பொறுத்தது.

என் அத்தைக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. "போட்டுக்கணுமாடா?" என்று கேட்டார். போட்டுக்கோங்க அத்தை என்றுதான் சொன்னேன். கை வலி, ஒருநாள் உடம்பு அசதி, பெரும்பாலும் அவ்வளவுதான் தொந்தரவு. அவருக்கு நோய் வந்தால் ஆபத்தோ மற்றவர்களைவிட அதிகம். ஆனால் நிமோனியாவே வராது என்று நினைத்துக்கொண்டு இருமலை வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இப்போது 20 வகை ஊசியும் (2021), 21 வகை ஊசியும் (2024) அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வந்துவிட்டன. இரண்டும் அனுமதி பெற்றது ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவை முந்தைய ஊசிகளோடு ஒப்பிட்டுத்தான். எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது என்று எண்ணி அல்ல. அவற்றுக்காக வாதாடும்போதும் எடுத்து வைக்கப்படுவது கேபிடாவின் அதே நாற்பது பேர்தான்.