திபெத்துக்கு அடியில் ஒரு சிவப்புத் திட்டு

திபெத் பீடபூமியின் புவி மேலோடு ஏறக்குறைய 70 கி.மீ. தடிமன், மற்றக் கண்டப் பகுதிகளில் பொதுவாக 35, 40 கி.மீ.தான். யாரும் துளையிட்டு அளந்ததில்லை. தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தின் பி அலை, மேலோட்டின் அடிவிளிம்பைக் கடக்கையில் ஒரு பங்கு மெதுவான எஸ் அலையாக மாறி, பி அலைக்குச் சுமார் 8 விநாடி பின்தங்கி மேலே வருகிறது. அந்தத் தாமதமே அளவுகோல்.

எல்லைகளைக் கண்டுபிடிப்பதில் இந்த முறைக்கு நிகரில்லை. 2002 முதல் 2005 வரை நேபாளத்திலிருந்து திபெத்துக்குள் வரிசையாகப் பதிவுக்கருவிகளை நிறுவிய ஹை-கிளைம்ப் ஆய்வு, இந்தியத் தட்டின் அடி மேலோடு ஏறத்தாழ 31 டிகிரி வட அட்சம் வரை திபெத்துக்குக் கீழே செருகிக் கிடப்பதைக் காட்டியது. இந்தியத் தட்டுக்கும் அதன்மேல் ஏறிய இமயப் பாறைகளுக்கும் இடையிலான பரப்பின் ஒரு பகுதிதான் 2015இல் கோர்க்கா நிலநடுக்கத்தில் வழுக்கியது.

ஆழத்தைச் சொல்வதில்தான் முதல் தடுமாற்றம். எஸ் அலையின் வேகத்தை விநாடிக்கு 3.6 கி.மீ. என்பதற்குப் பதில் 3.5 என்று வைத்தால், அதே 8 விநாடித் தாமதம் 70 கி.மீட்டரை 65 ஆக்கிவிடும். மேலோட்டுக்குள் எதிரொலித்து வரும் அலைகள் இதைச் சரிசெய்ய உதவும். அடுக்குகள் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும் இடங்களில் அவையும் தெளிவாகக் கிடைப்பதில்லை.

நிலத்தடி அலைவேகத்தை நிறங்களால் காட்டும் வண்ணப் படங்கள் இன்னும் சிக்கலானவை. மருத்துவமனையின் சி.டி. ஸ்கேனில் கதிர் எல்லாப் பக்கமும் சுற்றி வரும். நிலநடுக்கங்களோ தமக்கு வாய்த்த இடங்களில்தான் வரும். திபெத்துக்கு வரும் அலைகளில் பெரும்பங்கு மேற்குப் பசிபிக், இந்தோனேசியத் திசைகளிலிருந்து வருபவை. கதிர்கள் ஒரே பக்கமாகச் செல்லும்போது சின்னத் திட்டும் அந்தத் திசையில் இழுபட்டு நீளும். படத்தின் நம்பகத்தைச் சோதித்துவிட்டோம் என்று, செயற்கையான சதுரங்கக் கட்டங்கள் கணக்கீட்டில் மீண்டு வருகின்றனவா எனக் காட்டும் படமொன்றைக் கட்டுரைகள் இணைக்கும். அந்தச் சோதனையில் சிறு கட்டங்கள் நன்றாக மீண்டு வந்தும் பெரிய அமைப்புகள் சிதையலாம் என்று லெவெக், ரிவேரா, விட்லிங்கர் மூவரும் 1993இலேயே காட்டிவிட்டார்கள். படத்தை இணைக்கும் வழக்கம் மட்டும் குறையவில்லை!

தென் திபெத்தில் 15–20 கி.மீ. ஆழத்தில் இண்டெப்த் ஆய்வு பிரகாசமான எதிரொலிகளைக் கண்டது. ஓரளவு உருகிய பாறை என்றது 1996இல் அக்குழு. உப்புநீராகவும் இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். பின்னர் வந்த மேற்பரப்பு அலைப் படங்களிலும் நடு மேலோட்டில் வேகம் குறைந்த பகுதிகள் சிவப்பாகவே தெரிகின்றன. உருகிய பாறையென்றால் மேலோடு மெல்ல வழிந்து பீடபூமியை விரிக்கிறது எனலாம். வெறும் உப்புநீரென்றால் அந்த வாதம் தளரும். மின்கடத்துதிறன் அளவீடும் தீர்ப்புச் சொல்லாது, இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தும். அலைக்குத் தெரிந்தது வேகம் மட்டுமே. அதைப் பாறையாகப் பெயர்த்தவர்கள் நாம்.