பச்சைத் திரையும் பகல் வெயிலும்

தஞ்சை மண்ணைத் திரையிலே காணாதார் யார்? காற்றில் அலைமோதும் கதிர், கரைபுரளும் காவிரி, குனிந்து நாற்று நடும் பெண்கள், அவர்களுக்கு முன்னே ஆடிப்பாடும் காதலர்! பாட்டு முடிந்ததும் கேமரா திரும்பிவிடும். நட்டவளின் முதுகுவலி அதற்குத் தேவையில்லை; அவள் கூலி என்ன என்ற கேள்வியும் தேவையில்லை. கூடுதல் கூலி நெல் கேட்டுப் போராடிய மக்களில் 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் தீக்கிரையானதும் இதே பசுமையின் நடுவேதான். வயலை வெறும் திரைச்சீலையாக்கிய கண், வயலில் நிற்போரை எங்ஙனம் காணும்?

இக்கேள்வியோடுதான் மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்து வறண்ட பூமியில் எடுக்கப்பட்ட ‘கூழாங்கல்’ படத்தை நாம் பார்த்தோம். இயக்கம் பி. எஸ். வினோத்ராஜ், அவருக்கு அது முதற்படம். ஒளிப்பதிவு விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் ஆகிய இருவர். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்ற படம் இது.

குடிகாரத் தந்தை, பிறந்தகம் சென்றுவிட்ட மனைவியை இழுத்துவரப் புறப்படுகிறான். வகுப்பறையில் இருந்த மகனையும் உடன் கூட்டிச் செல்கிறான். பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கு, காலியான அந்த இடம் நெஞ்சிலே தைத்தது. போன ஊரில் மனைவி இல்லை. திரும்புவதற்கான பணத்தைச் சிறுவன் கிழித்தெறிகிறான். தந்தை விரைவில் வீடு சேர்ந்தால் தாய்க்கு என்ன நேரும் என்பதை அவன் அறிவான்! பின்னர் வெயிலில் நீள்நடை.

இயக்குநர் நினைப்பவர், ஒளிப்பதிவாளர் சொன்னதை எடுப்பவர் என்பது பொதுவான எண்ணம். மூளைக்கு ஒரு சாதி, கைக்கு ஒரு சாதி என்று பிரித்துப் பழகிய நாட்டின் எண்ணம் அது! நல்ல படங்கள் அதைப் பொய்யாக்கியிருக்கின்றன. சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955)க்கு முன் சுப்ரதா மித்ரா திரைப்படக் கேமராவை இயக்கியவர் அல்லர். அடுத்து வந்த ‘அபராஜிதோ’வில் (1956) காசி வீட்டின் முற்றத்தை அரங்கில் அமைத்தபோது, மேலே வெண்துணி விரித்து, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து, மெய்யான பகலொளியைப் படைத்தவர் அவரே. ரே வேண்டியது உண்மை. அதை அடையும் வழியைக் கண்டது மித்ராவின் கை. அந்தக் கையும் சிந்தித்தது அன்றோ?

‘கூழாங்கல்’லிலும் அந்த ஒருமைப்பாட்டைக் கண்டோம். தந்தை நடந்தால் கேமராவும் நடக்கிறது. களைத்தாலும் காட்சியை வெட்டி நம்மை நிழலுக்கு அழைத்துச் செல்வதில்லை. நண்பகல் வெயிலை மென்மையாக்கி அழகூட்டும் ஆசையை அம்மூவரும் துறந்திருக்கின்றனர். உடைந்த கண்ணாடித் துண்டால் சிறுவன் தந்தையின் முதுகில் வெயிலைப் பாய்ச்சுகிறான். ஏழைச் சிறுவனுக்கு வாய்த்த ஆயுதம் ஒளி ஒன்றே! தாகம் தணிக்க வாயிலிட்ட கூழாங்கல்லை, வீட்டில் முன்பே சேர்ந்திருக்கும் கற்களோடு அவன் வைக்கிறான். இத்தகைய நடை இது முதல் தடவையன்று என்பதை ஒரு சொல்லுமின்றி அக்காட்சி உணர்த்திவிடுகிறது.

குறையும் உண்டு. தந்தையின் வெறிக்கு வெயிலும் குடியும் காரணமாகத் தோன்றுகின்றனவேயன்றி, அவனை அந்நிலையில் வைத்த சமூகம் போதிய அளவு விசாரிக்கப்படவில்லை. வெயில் எல்லோர்க்கும் பொது, வறுமை அப்படியன்றே! இன்னொரு வருத்தம்: 2021இல் அயல்நாடு கண்ட படம் 2023இல் இணையத் திரைக்கு வந்தது. ஊர்க் கொட்டகைக்கு வந்திருந்தால் அந்த மண்ணின் மக்களே அதை மதிப்பிட்டிருப்பர்.

இறுதியில், பள்ளத்தில் ஊறும் நீரைப் பெண்கள் சிறுகச் சிறுக மொண்டெடுப்பதை நெடுநேரம் காண்கிறோம். வாய்க்கால் ஓடும் ஊரில் வாழும் நமக்கு அது வேற்றூர்க் கதையா? இல்லை. நம் வயல்களிலும் குனிந்த முதுகுகள் உண்டு. அவற்றின் அருகே நின்று பார்த்த கேமராக்களே அரிது.

காவிரிக் கரையின் இளைஞர்காள்! கேமரா இன்று கைக்கெட்டும் பொருளாகிவிட்டது. இருவர் சேருங்கள், மூவர் சேருங்கள். யார் தலை, யார் கை என்று சண்டையிடாதீர். நடுகை நடக்கும் வயலில் இறங்கி, நட்டு முடியும்வரை நில்லுங்கள். பாட்டு முடிந்ததும் திரும்பிவிடாதீர்!