சஹ்யாத்ரி மலைக் கிராமத்தை ரசிப்பது எப்படி?

புனே மகர்பட்டாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு வார விடுமுறை என்றால் லோனாவளாவும் மகாபலேஷ்வரும்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்னொரு வழியும் இருக்கிறது. நாசிக் சாலையில் மஞ்சர் வரை போய், இடப்பக்கம் திரும்பி, கோடேகாவ், டிம்பே தாண்டி மலையேறுங்கள். மகாதேவ் கோளி பழங்குடியினரின் ஊர்கள் வரும். பீமாசங்கர் காட்டை ஒட்டி, மலை விளிம்பில் இருக்கும் ஆஹுபே அவற்றில் ஒன்று. காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்.

சில சுற்றுலாக் கிராமங்களில் வருகிறவர்களுக்காக மேடையில் நடனம் நடக்கும். இந்த மலையில் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். இங்கே அழகாகத் தெரிகிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்காக உண்டானது. அந்த வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டால் ஊர் பிடிபட ஆரம்பிக்கும்.

போவதற்கு முன்

புனே குயின்ஸ் கார்டன் பகுதியில், 1962-இல் தொடங்கிய பழங்குடியினர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. மகாராஷ்டிரப் பழங்குடிகளின் கருவிகள், நகைகள், முகமூடிகளை அங்கே ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால், மலையில் கண்ணுக்குத் தப்புவது குறையும்.

வழியில் டிம்பே அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டியே சாலை போகும். வண்டியை நிறுத்திப் பாருங்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் மகாதேவ் கோளி மக்களின் பழைய ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வடிந்து மேலே வரும் மண்ணில் இன்றும் பயிர் செய்கிறார்கள். நம்மவர்கள் வேலை பார்க்கும் மகர்பட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் சுமார் 400 ஏக்கரை ஒன்றுசேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி நகரம் கட்டினார்கள். டிம்பேயில் நிலம் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறுவது நல்லது.

சுவரும் வயலும்

பழைய வீடு ஒன்று கண்ணில் பட்டால் சுவரின் அருகே போங்கள். மண்ணும் சாணமும் உதிர்ந்த இடத்தில், விரல் பருமனில் குச்சிகள் நெருக்கமாக நிற்பது தெரியும். அவை கார்வி என்னும் செடியின் தண்டுகள். நம் நீலகிரிக் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். கார்விக்கு ஏழெட்டு ஆண்டு போதும். மலைச்சரிவை நீலமாக்கும் அதே செடிதான் இங்கே வீட்டையும் தாங்குகிறது.

கோடையில் போனால் சில வயல்கள் கருகிக் கிடக்கும். யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நாற்றங்காலில் சருகு, கிளை, சாணம் எல்லாம் பரப்பி எரிப்பதற்கு இங்கே ‘ராப்’ என்று பெயர். களை விதைகள் கருகும், சாம்பல் உரமாகும், முதல் மழையில் நெல்லும் கேழ்வரகும் விதைப்பார்கள். அருகில் கிளை கழிக்கப்பட்டு மொட்டையாக நிற்கும் மரங்களையும் கவனியுங்கள். ராபுக்கான தழை அவற்றிலிருந்து வந்தது. சரிவுகளில் கல் அடுக்கிய வரப்புகள் ஊர்க்காரர்கள் கூடி உழைத்துக் கட்டியவை. இந்த வேலைக்குத் துணைநின்ற ‘ஷாஷ்வத்’ அமைப்பு 2012-இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது பெற்றது.

ஏப்ரல், மே மாதங்களில் முற்றங்களில் பாய்மேல் பிஞ்சுக் கடுக்காய் காயும். பல குடும்பங்களுக்குக் கையில் காசு வருவது அதில்தான். பாயை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

தேவராயி

ஊரை ஒட்டிய கோயில் காட்டைத் தேவராயி என்பார்கள். நம் ஊர் ஐயனார் காடு போலத்தான்: கிளை ஒடிக்கக் கூடாது, சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. 1970-களில் ஆய்வாளர்கள் மாதவ் காட்கிலும் வி. டி. வர்தக்கும் மகாராஷ்டிரத்தின் இத்தகைய காடுகளை ஆராய்ந்து எழுதினார்கள். உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்துங்கள். கொடிகளைத் தொடர்ந்து பார்வையை மேலே கொண்டுபோங்கள். இலைகள் சலசலத்தால் ‘ஷேக்ரு’ என்னும் பெரிய மலையணிலாக இருக்கலாம். 1985-இல் பீமாசங்கர் சரணாலயம் ஆனதற்கு இந்த அணிலும் ஒரு காரணம்.

காட்டோரங்களில் செந்தூரம் பூசிய கல்லைப் பார்த்தால் அது வாகோபா என்னும் புலித் தெய்வமாக இருக்கலாம். தீபாவளியை ஒட்டி வரும் வாக்பாரஸ் அன்று மாடு மேய்ப்பவர்கள் அதற்குப் படைப்பார்கள். ஆட்டையும் மாட்டையும் அடிக்கிற மிருகத்தைக் கும்பிட்டு, அதனோடு ஒரே மலையில் வாழ்வது எளிய காரியம் அல்ல.

சாப்பாடு, மரியாதை

கேழ்வரகு பாக்ரியும் சாமைச் சோறும் கிடைத்தால் விடாதீர்கள். மழைக்காலத்தில் பழுப்பாகல், பண்ணைக்கீரை மாதிரியான காட்டுக் காய்கறிகள் தட்டுக்கு வரும். பெரியவர்களுக்கு ‘ராம் ராம்’ சொல்லுங்கள். பெண்களை ‘மாவ்ஷி’, ஆண்களை ‘காகா’ என்று கூப்பிட்டால் பேச்சு தானாக வளரும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அடைமழையில் மட்டும் போக வேண்டாம். இதே வட்டாரத்து மாளீண் கிராமம் 2014 ஜூலை 30 அன்று மண்சரிவில் புதைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபரிலிருந்து மே வரை நல்ல காலம்.

ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அரிசியோ கேழ்வரகோ அவர்களிடமே வாங்கி வாருங்கள். அறுவடைக்கு ஒரு முறை, கடுக்காய் காயும்போது ஒரு முறை என்று ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து ஊர்களை ஓடிப் பார்ப்பதைவிட அது மேல்.