வலது மூலைக்காரர்

நாசரேத் பக்கம் ராத்திரிக் கபடி மேட்ச் என்றால் நான் நடுக்கோட்டை ஒட்டி உட்காருவதில்லை. கூட்டமெல்லாம் அங்கேதான், பாடிப் போகிற ரெய்டருக்குத்தான் விசில். எனக்கு மைதானத்தின் மூலை வேண்டும். சின்ன வயதில் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணாச்சி பழக்கிவிட்டது இது. "ஏல, அவன் கையப் பாக்காத, காலப் பாரு. பிடிக்கவன் அதத்தான் பாக்கான்" என்றார்.

இந்த வட்டாரத்துக்குக் கபடி என்றால் மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் 'பைசன்' படம் வந்தபிறகு வெளியூர்க்காரர்களுக்கும் அவர் ஊரான மணத்தி தெரிகிறது. அவர் ஆட்டத்துக்கு இங்கே மறுபேச்சு கிடையாது. ஆனால் கேப்டன் வேலையை ரசிக்க வேண்டுமென்றால் என் மனசு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும். தர்மராஜ் சேரலாதன். சோழநாட்டில் பிறந்தவருக்குச் சேரன் பெயர்!

1975இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோதே வயது 39. மற்றவர்கள் கோச்சாகப் போய்விடும் வயது. 2016இல் பட்னா பைரேட்ஸ் கேப்டனாக, ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். அந்த அணியின் நட்சத்திர ரெய்டர் பர்தீப் நர்வாலுக்கு அப்போது 19 வயது, கேப்டனுக்கு 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியாணா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். வடக்கத்திப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள்.

அவர் நின்ற இடம் வலது கார்னர், பாடி வருகிறவனுக்கு இடக்கைப் பக்கம். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிறவன் மறுகாலை அந்தரத்தில் தூக்கியாக வேண்டும்; அதுதான் விதி. அந்த அரை நொடி அவன் உடம்பு முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிறது. சேரலாதன் காத்திருந்தது அதற்குத்தான். முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, கைகள் சும்மா தொங்கும். தூங்குகிறாரோ என்றுகூடத் தோன்றும். கால் தரையைத் தொட்டதும் இரண்டு கையும் கணுக்காலில் பூட்டுப் போட்டது மாதிரி விழும். இழுக்க மாட்டார், முறுக்க மாட்டார். பிடித்துக்கொண்டு கிடப்பார், கவரில் நிற்கிறவன் வந்து மேலே விழுந்து முடித்துவைப்பான். எனக்கு அந்தக் கிடப்புதான் பிடிக்கும். புள்ளி வாங்கியது இவர்; ஆனால் அமுக்கியது பையன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

இதே மாதிரி வேல்ஸ் ரக்பியில் அலுன் வின் ஜோன்ஸ் என்று ஒருவர். 2006 முதல் நாட்டுக்காக 158 ஆட்டங்கள், அதில் பல ஆண்டுகள் கேப்டன். அவர் வேலையும் ஆள்குவியலுக்குள் தோள்கொடுத்துத் தள்ளுவதுதான். பந்தோடு ஓடிக் கைதட்டு வாங்குகிறவர்கள் வேறே. இரண்டுபேரும் ஒரு ஜாதி ஆட்டக்காரர்கள் என்பேன்.

ஆனால் கபடியில் கேப்டனுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தப்பாகப் பாய்ந்து மாட்டிக்கொண்டால் வெளியே போய் உட்கார வேண்டும்; உள்ளே நிற்கிற பையன்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் பாதி நேரம் பாயாமல் இருப்பதே தலைமை. இளவட்டத்துக்கு இது புரியாது. கூட்டம் "பிடி, பிடி" என்று கத்தும். ரெய்டர் தொடையைத் தட்டிச் சீண்டுவான். சேரலாதன் ஓரடி பின்னால் வைத்து, பக்கத்துப் பையனின் கையை மட்டும் லேசாக அழுத்துவார். முப்பது நொடி முடிவதற்குள் வந்தவன் வெறுங்கையோடு திரும்புவான். ஸ்கோர்போர்டில் ஒன்றும் ஏறாது. அன்றைய ஆட்டத்தில் நான் வீட்டுக்கு எடுத்துப்போவது அதைத்தான்.

நம்ம பக்கம் வந்தால் மூலைக்கு வாருங்கள், இடம் நிறையக் கிடக்கும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்மூலைக்கு நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.