பாரிஸில் ஓர் இமாம், லண்டனில் ஒரு மாணவன்: மொழியும் முன்முடிவுகளும்

அந்நிய நாடு சென்று கல்வி கற்று மீண்டோரைப் பற்றிய நூல்கள் நவீன அறபு இலக்கியத்தில் தனியொரு கிளையாகவே வளர்ந்துள்ளன. அவற்றை ஆராயும் விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றனர்: சென்றவர் மேற்கைக் கண்டு மயங்கினாரா, அன்றி அதனை வெறுத்தாரா? இவ்வினா அத்துணைப் பயனுடையதன்று என்பது எமது கருத்து. மயக்கமும் வெறுப்பும் ஒரே நூலில், ஏன், ஒரே பக்கத்திற்கூட அருகருகே இருக்கக் கூடும். நாம் கேட்க விரும்புவது வேறு. அவர் எந்த மொழியில் நின்றுகொண்டு பார்த்தார்? பிறர் தம்மைப் பற்றி முன்பே வரைந்து வைத்திருந்த படிமத்தை என்ன செய்தார்? பிறரைப் பற்றித் தாம் சுமந்து சென்ற படிமத்தை என்ன செய்தார்? இவ்வினாக்களோடு இரு நூல்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, ஷெய்க் ரிஃபாஆ அத்-தஹ்தாவியின் பாரிஸ் பயண நூல். மற்றையது, சூடானிய எழுத்தாளர் தையிப் ஸாலிஹின் ‘வடக்கு நோக்கிய இடப்பெயர்வுப் பருவம்’ எனும் நாவல்.

எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷா 1826ஆம் ஆண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். தஹ்தாவி அக்குழுவில் சென்றது மாணவராக அன்று, அதன் இமாமாக. அவரது அஸ்ஹர் ஆசிரியர் ஷெய்க் ஹஸன் அல்-அத்தாரின் பரிந்துரையே இதற்குக் காரணம். நெப்போலியனின் படையோடு எகிப்து வந்த பிரெஞ்சு அறிஞர்களுடன் பழகியவர் அத்தார். காண்பவற்றை எழுதிவைக்குமாறு தம் மாணவரைத் தூண்டியவரும் அவரே. குழுவில் பலர் துருக்கி மொழி பேசும் ஆளும் வட்டத்தினர். மேலெகிப்தின் தஹ்தா எனும் ஊரில் 1801இல் பிறந்த இந்த அறபுமொழி ஆலிம் தம் குழுவினுள்ளேயே ஒருவகையில் அந்நியராக இருந்தார் எனலாம். இமாமாகச் சென்றவர் பிரெஞ்சு மொழியைக் கற்று, அக்குழுவின் மொழிபெயர்ப்பாளருள் தலையாயவராக 1831இல் திரும்பினார். அவரது நூல் ‘தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்’ 1834இல் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தது. பாரிஸைச் சுருக்கியுரைத்து அதிலிருந்து பொன்னைப் பிரித்தெடுத்தல் என்பது தலைப்பின் பொருள். பொன்னைப் பிரிப்பவன் கசடும் உண்டென அறிந்தவன்.

இந்நூலில் எம்மை மிகவும் கவர்வது, அன்னார் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்தர் த சாஸியைப் பற்றி எழுதும் பகுதி. ஹரீரீயின் மகாமாத்தை விளக்கவுரையுடன் பதிப்பித்தவர் த சாஸி; ஐரோப்பிய அறபியல் ஆய்வின் தலைமகனாக அக்காலத்தில் மதிக்கப்பட்டவர். பின்னாளில், 1978இல், எட்வர்ட் ஸெயித் தமது ‘ஓரியண்டலிஸம்’ நூலில் கீழைத்தேயவியலின் தொடக்கத்தை இவரிடத்திலேயே காண்கிறார். அத்தகையவரின் அறபுப் பேச்சை இருபதுகளின் வயதிலிருந்த அஸ்ஹரி ஒருவர் கேட்கிறார். கையில் நூலின்றி அவரால் அறபு பேச இயலவில்லை என்பதையும், உச்சரிப்பில் அந்நியச் சாயல் மாறவில்லை என்பதையும் தஹ்தாவி மறைக்காது பதிவு செய்கிறார். ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவு நாம் எதிர்பார்ப்பதன்று. அறபுகளைப் போல் அறபு பேசத் தெரியாத அந்நியர் அம்மொழியை விளங்கிக்கொள்ளவும் மாட்டார் எனும் கூற்று ஆதாரமற்றது என்கிறார். அதற்குத் த சாஸியையே சான்றாக நிறுத்துகிறார். நாவின் தடுமாற்றம் வேறு, அறிவின் தரம் வேறு என்று பிரித்துக் காணும் இந்நேர்மை எளிதில் வாய்ப்பதன்று. இன்று கோலாலம்பூருக்கோ மான்செஸ்டருக்கோ கற்கச் செல்லும் எமது மாணவர் முதலில் எதிர்கொள்வது இதன் மறுதலையைத்தானே! ஆங்கிலச் சொல்லொன்றை உச்சரிக்கும் விதத்தைக் கொண்டே அவரது அறிவு அளக்கப்பட்டுவிடுகிறது. அதே மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பி, கிராமத்து மத்ரஸா ஆசிரியரின் ஆங்கிலத்தைக் கேட்டு நகைப்பதும் உண்டு.

இன்னுமொரு செய்தி இதனினும் முக்கியமானது. தஹ்தாவி தமது கையெழுத்துப் படியைத் த சாஸியிடம் காட்டினார். அவர் அதனைப் பாராட்டினார், குறைகளையும் சொன்னார். நூலில் இஸ்லாமிய முன்முடிவுகள் சில தென்படுகின்றன என்றார். நடை சில இடங்களில் இலக்கண விதிகளை வழுவுகின்றது என்றார். பாரிஸ் வாசிகளுக்கும் பெருநகரத்தாருக்கும் மட்டுமே பொருந்துவனவற்றை ஆசிரியர் பிரெஞ்சு மக்கள் அனைவருக்கும் உரியனவாக விரித்துவிடுகிறார் என்றும் சுட்டினார். அறபில் சரளமாகப் பேச இயலாதவர் அஸ்ஹர் பட்டதாரியின் அறபு இலக்கணத்தைத் திருத்துகிறார்! தஹ்தாவி என்ன செய்தார்? அம்மதிப்பீட்டை அறபில் பெயர்த்துத் தமது நூலினுள்ளேயே சேர்த்துவிட்டார். தம் பார்வை ஒரு நகரத்தின் பார்வை மட்டுமே எனும் குற்றச்சாட்டைத் தம் வாசகரின் கையில் தாமே கொடுத்த பயண நூலாசிரியர் அரியர். சூரா அல்-ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் சமூகங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வதைப் பற்றிப் பேசுவதை எமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு முந்திய இரு வசனங்கள் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதையும், பட்டப் பெயர் சூட்டுவதையும், ஆதாரமற்ற எண்ணங்களையும் தடுக்கின்றன என்பது அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. அறிதலுக்கு முன் விலக்க வேண்டியவை அங்கே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. தஹ்தாவியின் நூலை அவ்வரிசையின்படி வாசிப்பது பொருத்தமெனத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பில் அவர் எதிர்கொண்ட சிக்கல்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1814ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியற் சாசனத்தை அவர் நூலில் மொழிபெயர்த்துச் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் எனக் கூறி விழைவது எதுவோ, அதுவே எம்மிடத்தில் அத்ல், இன்ஸாஃப் எனப்படுகிறது என்று விளக்கினார். அதாவது நீதியும் நேர்மையும். அடிமையல்லாத நிலையைக் குறித்து வந்த ‘ஹுர்ரிய்யா’ எனும் சொல் அன்றைய அறபு வாசகரிடம் அரசியற் பொருளைச் சுமக்கவில்லை. எனவே அவர்களின் நெஞ்சில் ஏலவே வேரூன்றியிருந்த சொல்லை எடுத்து அதில் புதுப்பொருளை ஊற்றினார். அதே வேளையில், நாடக அரங்குக்கு நிகரான சொல் தம் மொழியில் இல்லையெனக் கண்டபோது, நிழற்கூத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லை எண்ணிப் பார்த்து, அது முழுமையாகப் பொருந்தாதென்று ‘தியாத்ர்’ என்றே எழுதினார். எதைப் பெயர்ப்பது, எதை அப்படியே ஏற்பது எனும் இத்தெரிவு தமிழ் முஸ்லிம்களாகிய எமக்குப் புதியதன்று. ஸலாத்தைத் தொழுகை என்றும் ஸவ்மை நோன்பு என்றும் எம் முன்னோர் தமிழாக்கினர். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வழங்கிய பள்ளி எனும் சொல் மஸ்ஜிதுக்குப் பெயராயிற்று. ஸகாத்தும் ஹஜ்ஜும் அறபாகவே நின்றன. இவ்வாறு தெரிவு செய்வதற்கு இரு மொழிகளிலும் கால் ஊன்றியிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், தஹ்தாவியின் பார்வை வழுக்கிய இடங்களையும் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது. அவர் பாரிஸிலிருந்தபோதே, 1830இல், பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. அவ்வெற்றியைக் கிறிஸ்தவரின் வெற்றியாகக் கொண்டாடிய பாரிஸ் பேராயரின் வாழ்த்தை அவர் ஏற்கவில்லை. இது வணிகமும் செருக்கும் பற்றிய அரசியற் பிணக்கு என்றார். மதப்போர் எனும் எளிய சட்டகத்தை மறுத்தது சரியே. ஆயினும் ஒரு தேசம் விழுங்கப்படுவதன் பாரம் அவ்வரிகளில் இல்லை. அதே ஆண்டின் ஜூலைப் புரட்சிக்கு ஓர் இயலே ஒதுக்கியவர் அல்ஜீரியாவை இவ்வளவில் கடந்து செல்வது எமக்கு உறுத்துகிறது.

மற்றொன்று நூலின் முன்னுரையிலேயே உள்ளது. மனித குலத்தை அவர் மூன்று படிகளாக வகுக்கிறார். நாகரிகம் எட்டியோர் மேல். பாலைவன அறபுகள் போன்றோர் நடு. சூடானின் காட்டுநிலத்தோர் கீழ். பிரெஞ்சுக்காரரைப் பற்றிய அவசரத் தீர்ப்புகளைத் தவிர்க்க முயன்றவர் தெற்கேயிருந்த அண்டை நாட்டாரைப் பற்றி ஒரு கணமும் தயங்கவில்லை. வரலாறு அவரை அங்கேயே அனுப்பியது என்பது விந்தை. ஆட்சி மாறியபின் 1850இல் அவர் கார்ட்டூமுக்கு அனுப்பப்பட்டார். பெயர் ஒரு பள்ளிக்கூடத்தை அமைப்பது, உண்மையில் நாடுகடத்தல். அங்கிருந்து அவர் பாடிய கவிதை சூடானையும் அதன் மக்களையும் இகழ்வதாகவே அமைந்தது. பாரிஸில் ஐந்தாண்டுகள் விழித்திருந்த கண் கார்ட்டூமில் மூடிக்கொண்டது.

தஹ்தாவிக்குப் பின் படிமங்கள் நூல்களோடு நிற்கவில்லை, கட்டடங்களாக எழுந்தன. 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் கெய்ரோவின் பழைய தெருவொன்றைச் சமைத்து வைத்தனர். பழமை தோன்றுவதற்காகச் சுவர்களில் அழுக்கையும் தீட்டியிருந்தனர். மஸ்ஜித் வெறும் முகப்பே. உள்ளே இருந்தது ஒரு காப்பிக்கடை. அதனைக் கண்ட எகிப்தியக் குழுவினர் மனம் நொந்து விலகினர் என்பதை டிமோதி மிச்செல் தமது நூலில் விவரிக்கிறார். அச்சு வார்ப்பான கீழைத்தேயம் இப்போது நடந்து சென்று பார்க்கத்தக்கதாகிவிட்டது. அதனுள் ஒரு கீழைத்தேயத்தான் தானே குடியேறினால் என்னவாகும்?

1966இல் வெளிவந்த தையிப் ஸாலிஹின் நாவல் இவ்வினாவுக்கான விடை எனலாம். இடையில், 1944இல், யஹ்யா ஹக்கீ ‘உம்மு ஹாஷிமின் விளக்கு’ எழுதினார். இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்று மீளும் இளைஞன் விளக்கை உடைத்து, பின் அதனோடு சமரசமாகும் கதை அது. அழகிய கதையே, ஆயினும் சமரசம் சற்று எளிதாகக் கைகூடிவிடுகிறது. ஸாலிஹ் அத்தகைய ஆறுதல் எதனையும் தருவதில்லை. அவரது முஸ்தஃபா ஸயீத் கார்ட்டூமில் பிறந்தவன். பிறந்த ஆண்டு 1898, பிரித்தானியப் படை சூடானை வீழ்த்திய ஆண்டு. கெய்ரோ வழியாக லண்டன் சென்று பொருளியல் விரிவுரையாளனாகிறான். அவன் தன் அறையைச் சந்தனமும் அகிலும் மணக்கும் கீழைத்தேயக் காட்சிக்கூடமாக அலங்கரிக்கிறான். தன் நாட்டுத் தெருக்களில் யானையும் சிங்கமும் உலவுகின்றன, நண்பகலில் முதலைகள் ஊர்கின்றன என்று ஆங்கிலப் பெண்ணொருத்தியிடம் கதையளக்கிறான். அவள் நம்ப விரும்புவதை அவளுக்கு விற்கிறான். நாவலின் சில காட்சிகள் எமது வாசகர்க்கு உவப்பானவையல்ல என்பதை அறிவோம். ஆனால் அவற்றைக் காட்டி நூலை ஒதுக்குவோர் அதன் கூரிய கண்டனத்தையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர். பிறர் வரைந்த பொய்ப் படிமத்தை ஆயுதமாக ஏந்தியவன் அதனாலேயே அழிகிறான். கொலை வழக்கில் அவனுக்காகவும் எதிராகவும் லண்டன் நீதிமன்றத்தில் பேசுவோர் அனைவரும் ஒரு படிமத்தைக் குறித்தே வாதிடுகின்றனர். தான் என்றொருவன் இல்லை, தான் ஒரு பொய் என்று எழுந்து கூவவேண்டும்போல் அவனுக்கே தோன்றுகிறது.

இரு நூல்களிலும் கண்ணாடிகள் வருவது தற்செயலாக இருக்கலாம். தஹ்தாவி மார்ஸெய்லில் ஒரு காப்பிக்கடையினுள் நுழைகிறார். சுற்றிலும் ஆடிகள். திரளான மக்களைக் கண்டு அதனைப் பெருந்தெருவென்றே எண்ணுகிறார். தம்மவரின் உருவங்களே பலவாகத் தெரிவதைக் கண்டதும் இது ஆடியின் வேலையெனத் தெளிகிறார். முஸ்தஃபா ஸயீதின் லண்டன் அறையிலும் ஆடிகள் உண்டு. ஆனால் அங்கு அவை ஒருவனை மயக்கத்தில் ஆழ்த்தவே மாட்டப்பட்டுள்ளன; தெளியும் கணம் அவனுக்கு வாய்ப்பதில்லை. பின்னர் நைல் நதிக்கரைக் கிராமத்தில் அவன் பூட்டி வைத்திருந்த அறை திறக்கப்படும்போது உள்ளே சுவர் முழுதும் ஆங்கில நூல்கள். அறபு நூல் ஒன்றேனும் இல்லை. அல்குர்ஆன்கூட ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அங்கிருக்கிறது. பிரெஞ்சைக் கற்ற தஹ்தாவி கெய்ரோவில் 1835இல் மொழிகளுக்கான கல்லூரியை நிறுவி, ஒரு தலைமுறை மொழிபெயர்ப்பாளரை உருவாக்கினார். ஆங்கிலத்தைக் கற்ற முஸ்தஃபா ஸயீத் அதனை ஓர் அறையினுள் வைத்துப் பூட்டினான்.

நாவலில் இன்னொரு மாணவனும் இருக்கிறான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்: பெயர் சொல்லப்படாத கதைசொல்லி. ஏழாண்டுகள் இங்கிலாந்தில் கற்று ஊர் திரும்பியவன். கிராமத்தார் சூழ்ந்துகொண்டு ஐரோப்பியரைப் பற்றிக் கேட்கின்றனர். அவர்களும் சிறு வேறுபாடுகள் தவிர எம்மைப் போன்றோரே என்கிறான். பால்ய நண்பன் மஹ்ஜூப், அவர்களுள் விவசாயிகளும் உண்டா என்று வினவுகிறான். உண்டு, எல்லோரும் உண்டு என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. எம்மைப் போலவே அவர்களும் பிறக்கின்றனர், இறக்கின்றனர், இடையில் கனவு காண்கின்றனர், அஞ்சுகின்றனர் என்று மேலும் சொல்ல அவன் நெஞ்சில் எழுந்தது, சொல்லவில்லை. மஹ்ஜூப் அறிவுள்ளவன் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும், தன் செருக்கினால், இந்த விவசாயிக்கு விளங்காது என்று அஞ்சி மௌனமாகிவிட்டான்.